குழந்தைப் பருவ உணவு ஒவ்வாமை

குழந்தைப் பருவ உணவு ஒவ்வாமை என்பது, பொதுவாகக் கேடு விளைவிக்காத ஓர் உணவுப் புரதத்தைக் குழந்தையின் நோயெதிர்ப்புத் தொகுதி பகைப்பொருளாகக் கொண்டு எதிர்வினை ஆற்றும் நிலையாகும். பசுப்பால், கோழி முட்டை, நிலக்கடலை (வேர்க்கடலை, கச்சான்), முந்திரி, அக்ரூட் போன்ற மரக்கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால், நண்டு ஆகியவை இத்தகைய எதிர்வினைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகின்றன. இவ்வொவ்வாமை பிறப்பிலிருந்து இறப்பு வரை மாறாது இருக்கும் ஒன்றன்று. பால், முட்டை ஆகியவற்றுக்கான ஒவ்வாமை பெரும்பான்மையான பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்திலோ பதின்ம வயதிலோ நீங்கிவிடுகிறது. நிலக்கடலை ஒவ்வாமை பெரும்பாலானோருக்கு நீடிக்கிறது. ஒரே குழந்தையிடத்தில் ஓர் ஒவ்வாமை மறைந்து மற்றொன்று தங்கிவிடுவதும் உண்டு.

இம்மாற்றங்கள் குறித்த அறிவு, குழந்தைக்கு எந்த உணவை எப்போது முதன்முதலாகக் கொடுப்பது என்னும் அறிவுரையையே 2000-க்கும் 2017-க்கும் இடையில் தலைகீழாக மாற்றியது.

ஒவ்வாமை எனப்படாதவை

பால் குடித்தவுடன் வயிறு உப்புதல், கழிச்சல் முதலியன ஏற்படுவதைப் 'பால் ஒவ்வாமை' என்று பொதுவழக்கில் கூறுவர். இது பெரும்பாலும் பாலிலுள்ள இலாக்டோசு என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் ஏற்படுவது. இதில் நோயெதிர்ப்புத் தொகுதிக்குப் பங்கில்லை. உயிருக்கு ஊறும் இல்லை. இவ்விரண்டும் வயதுடன் எதிரெதிர்த் திசைகளில் செல்வது குறிப்பிடத்தக்கது. பால் ஒவ்வாமை கைக்குழந்தைகளிடம் மிகுந்து வயது ஏற ஏறக் குறைகிறது. இலாக்டோசு தாங்காமையோ குழந்தைப் பருவம் கழிந்த பின்னரே மிகுதியாகத் தோன்றுகிறது. கோதுமைப் புரதத்தால் குடல் பழுதடையும் சீலியாக் நோய் நோயெதிர்ப்புத் தொகுதியைச் சார்ந்ததே எனினும் அதன் வழிமுறை வேறு. அது தானாக நீங்குவதும் இல்லை.

வரலாறு

பிரெஞ்சு உடலியலாளர் சார்லஸ் ரிசே, பால் போர்ட்டியே ஆகியோர் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆய்ந்தபோது, முதல் ஊசியைத் தாங்கிய நாய் சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய இரண்டாம் அளவிலேயே மாண்டதைக் கண்டனர். காப்புக்கு நேர்மாறான இந்நிலைக்கு 1902-இல் அவர்கள் 'அனாபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். இதற்காக ரிசே 1913-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-இல் ஆக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே. 'மாறிய வினை' என்பது அதன் பொருள். உடலின் எதிர்வினை காலத்தால் மாறக்கூடியது என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே இருந்தது என்பது பின்னாளில் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

1908-இல் இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்டு, முட்டை ஒவ்வாமை கொண்ட 13 வயதுச் சிறுவனுக்கு மிக நுண்ணிய அளவில் முட்டையை மாத்திரையாக்கிக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டி, முடிவில் முட்டையை உண்ணும் நிலைக்குக் கொணர்ந்ததாகப் பதிவு செய்துள்ளார். 1912-இல் நியூயார்க்கில் ஆஸ்கர் ஸ்க்லாஸ், முட்டையும் வாதுமையும் ஓட்ஸும் ஒவ்வாத ஒரு குழந்தையின் தோலைக் கீறி உணவுச் சாற்றைத் தடவிச் சோதித்தார். இன்றைய தோல் சோதனைக்கு இது முன்னோடியாகும்.

ஒவ்வாமையைத் தாங்கிச் செல்லும் பொருள் குருதியில் உள்ளது என்பதைக் காட்டிய ஆய்வு 1921-இல் இன்றைய போலந்திலுள்ள பிரெஸ்லாவில் நிகழ்ந்தது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் மீன் ஒவ்வாதவர். அவருடைய குருதித் தெளியத்தை, மீனைத் தடையின்றி உண்ணும் கார்ல் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. அப்பொருள் இன்னதென்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-67-இல் ஐக்கிய அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாக்கா, தெருகோ இஷிசாக்கா இணையரும், சுவீடனின் உப்சாலாவில் யோகான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 1968-இல் உலக சுகாதார அமைப்பு அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ (சுருக்கமாக ஐஜிஈ) எனப் பெயர் சூட்டியது.

எதிர்வினை நிகழும் முறை

ஒவ்வாமை இரு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டமான உணர்வூட்டத்தின்போது வெளியே எவ்வறிகுறியும் தென்படாது. உணவுப் புரதத்தைச் சந்திக்கும் துணை டி உயிரணுக்கள், இன்டர்லியூக்கின்-4, இன்டர்லியூக்கின்-13 முதலான சமிக்ஞைப் பொருட்களைச் சுரந்து, அப்புரதத்திற்கென்றே ஐஜிஈ பிறபொருளெதிரிகளை உண்டாக்குமாறு பி உயிரணுக்களைத் தூண்டுகின்றன. இந்த ஐஜிஈ, தோல், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் இழையங்களில் உள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேற்பரப்பில் சென்று ஒட்டிக்கொள்கிறது. குருதியில் தனித்திருக்கும் ஐஜிஈ ஓரிரு நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும். மாஸ்ட் உயிரணுவில் ஒட்டியதோ வாரக்கணக்கில் தங்கும்.

இரண்டாங்கட்டத்தில் அதே புரதம் மீண்டும் வரும்போது, அருகருகேயுள்ள ஐஜிஈ மூலக்கூறுகளை அது பாலம்போல் இணைக்கிறது. உடனே மாஸ்ட் உயிரணு ஹிஸ்டமின் உள்ளிட்ட பொருட்களை வெளியேற்றுகிறது. சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தோலில் தடிப்பு (காணாக்கடி), உதடு வீக்கம், வாந்தி, மூச்சிழுப்பு ஆகியன தோன்றலாம். குருதியழுத்தம் வீழ்ந்து மூச்சு அடைபடும் அனாபிலாக்சிஸ் நிலை உயிருக்கு இறுதி பயக்கக் கூடியது. அட்ரினலின் ஊசியே அதற்கு உரிய முதல் மருந்து. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் அரிப்பைக் குறைக்குமேயன்றி அனாபிலாக்சிசை நிறுத்தா.

ஐஜிஈ சாராத உணவு ஒவ்வாமைகளும் உள்ளன. பால், சோயா, அரிசி முதலியவற்றை உண்ட ஒன்று முதல் நான்கு மணி நேரத்திற்குப் பின் கைக்குழந்தை தொடர்ந்து வாந்தியெடுத்துத் துவண்டுபோகும் குடலழற்சி நோய் அவற்றுள் ஒன்று. இது பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதிற்குள் நீங்கிவிடுகிறது.

வயதுடன் நேரும் மாற்றம்

ஒவ்வாமை எப்போது நீங்குகிறது என்பதற்கான விடை, எந்தக் குழந்தைகளை ஆய்ந்தனர் என்பதைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடுகிறது. பசுப்பால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டென்மார்க்கில் 1,749 பச்சிளங்குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து 1990-இல் வெளியான ஆய்வில் 39 பேருக்கு (2.2 விழுக்காடு) பால் ஒவ்வாமை இருந்தது. அவர்களுள் 56 விழுக்காட்டினர் ஒரு வயதிலும், 77 விழுக்காட்டினர் இரண்டு வயதிலும், 87 விழுக்காட்டினர் மூன்று வயதிலும் பாலைத் தாங்கினர். ஐக்கிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து 2007-இல் வெளியான ஆய்விலோ நான்கு வயதில் 19 விழுக்காட்டினருக்கே ஒவ்வாமை நீங்கியிருந்தது. 16 வயதில் அது 79 விழுக்காடாயிற்று. முன்னையது பொதுமக்களின் குழந்தைகள் அனைவரையும் எடுத்துக்கொண்டது. ஐஜிஈ சாராத மென்மையான வகையும் அதில் அடங்கும். பின்னையது சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட கடுமையான நோயாளிகளைப் பற்றியது. ஆகவே இவ்விரு எண்களுள் ஒன்றை மட்டும் கொண்டு ஒரு குழந்தையின் எதிர்காலத்தைக் கூற இயலாது.

முட்டையிலும் இதே நிலை காணப்படுகிறது. அதே அமெரிக்க மருத்துவமனையில் 10 வயதில் 37 விழுக்காட்டினரும் 16 வயதில் 68 விழுக்காட்டினரும் முட்டையைத் தாங்கினர். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் ஒரு வயதுக் குழந்தைகள் 5,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கிய 'ஹெல்த்நட்ஸ்' ஆய்வில், ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை கொண்டிருந்தோரில் 89 விழுக்காட்டினருக்கு ஆறு வயதிற்குள் அது நீங்கியிருந்தது. நிலக்கடலை ஒவ்வாமை நீங்கியோர் அதே ஆய்வில் 29 விழுக்காட்டினரே. பிற ஆய்வுகளில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மரக்கொட்டை ஒவ்வாமை ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே நீங்குகிறது. மீன், இறால், நண்டு ஆகியவற்றுக்கான ஒவ்வாமை பெரும்பாலும் நீடிப்பது. கோதுமை, சோயா ஒவ்வாமைகள் பால், முட்டை வழியையே பின்பற்றுகின்றன.

நீங்கிய ஒவ்வாமை திரும்புவதும் உண்டு. நிலக்கடலை ஒவ்வாமை நீங்கியதாகச் சோதனையில் உறுதியான பின்னும் அச்சத்தால் அதை உண்ணாது தவிர்த்த பிள்ளைகளுள் சிலரிடம் அது மீண்டும் தோன்றியது. இக்காரணத்தால், சோதனையில் தேறிய உணவை அவ்வப்போது அளவாக உண்டு வருமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஒவ்வாமை நீங்கும் வழி

ஒவ்வாமை நீங்குவது என்பது நோயெதிர்ப்புத் தொகுதி அப்புரதத்தை மறந்துவிடுவது அன்று. அது வேறு வகையில் எதிர்வினை ஆற்றக் கற்றுக்கொள்கிறது என்பதே பொருத்தம். இதில் மையப் பங்கு வகிப்பவை ஒழுங்காற்று டி உயிரணுக்கள் ஆகும். இவை பிற நோயெதிர்ப்பு உயிரணுக்களின் வேகத்தை அடக்குபவை. இவற்றின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதடைந்த ஆண் குழந்தைகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய்களுடன் கடும் கரப்பானும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்தே வருகின்றன. இவ்வுயிரணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சாகாகுச்சி ஆகியோருக்கு 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தாங்குதிறன் வளரும்போது குருதியில் அவ்வுணவுக்கான ஐஜிஈ மெல்லக் குறைய, ஐஜிஜி4 என்னும் மற்றொரு பிறபொருளெதிரி கூடுகிறது. ஐஜிஜி4 புரதத்தை முன்கூட்டியே பற்றிக்கொண்டு அது மாஸ்ட் உயிரணுவை அடையாமல் தடுக்கிறது. எனவே ஐஜிஜி4 இருப்பது பெரும்பாலும் அவ்வுணவை உடல் ஏற்றுப் பழகியதன் அடையாளமே. இதனை 'ஒவ்வாமைச் சோதனை' என்று விற்கும் வணிக ஆய்வுகூடங்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றின் பட்டியலை நம்பிக் குழந்தைக்குப் பால், முட்டை, கோதுமை எனப் பலவற்றையும் நிறுத்துவது ஊட்டக்குறைவில் முடியக்கூடும்.

ஐஜிஈ புரதத்தின் எப்பகுதியைப் பற்றுகிறது என்பதும் முக்கியமானது. புரதம் நூல்போன்ற அமினோ அமிலத் தொடர் சுருண்டு மடிந்து உருவாவது. சில குழந்தைகளின் ஐஜிஈ அந்த மடிப்பின் வடிவத்தை மட்டுமே இனங்காண்கிறது. வெப்பத்தால் மடிப்பு குலைந்தால் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. இத்தகைய குழந்தைகள் காய்ச்சிய பாலை உண்ண இயலாவிடினும், மாவுடன் கலந்து நெடுநேரம் கடுஞ்சூட்டில் வெந்த கேக்கு, ரொட்டி ஆகியவற்றில் உள்ள பாலையும் முட்டையையும் தாங்குகின்றனர். பால், முட்டை ஒவ்வாமை கொண்டோரில் பெரும்பாலோர் இவ்வகையினரே. இவர்களுக்கு ஒவ்வாமை விரைவில் நீங்கும் வாய்ப்பும் கூடுதல். வேறு சிலரின் ஐஜிஈ அமினோ அமிலத் தொடரையே நேரடியாக இனங்காண்கிறது. வேகவைத்தாலும் தொடர் மாறாதாகையால் இவர்களின் ஒவ்வாமை நீடிக்கிறது. பாலின் கேசினும் முட்டை வெண்கருவின் ஓவோமியூகாய்டும் வெப்பத்தைத் தாங்குபவை. நிலக்கடலையின் முதன்மைப் புரதங்களும் அவ்வாறே. வறுப்பது அவற்றின் ஒவ்வாமையூட்டும் தன்மையைக் கூட்டவும் செய்கிறது.

ஆண்டுக்கணக்கில் கடலையைத் தொடாதவரிடமும் ஒவ்வாமை நீடிப்பது எவ்வாறு என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2024-இல் வெளியான இரு ஆய்வுகள், ஐஜிஈயை நேரடியாகச் சுரக்காத, ஆனால் ஒவ்வாமைப் போக்கு பதிந்த நினைவு பி உயிரணுக்களின் ஒரு வகையை அடையாளம் கண்டன. உணவை மீண்டும் சந்திக்கும்போது இவை ஐஜிஈ சுரக்கும் உயிரணுக்களாக மாறக்கூடியவை.

தோல் வழியும் குடல் வழியும்

வாய்வழி வரும் புரதத்தை உடல் இயல்பாகவே தாங்கப் பழகுகிறது என்பது 1911-லேயே கினி எலிகளில் காட்டப்பட்டது. மக்காச்சோளப் புரதத்தை உணவில் உண்டு வந்த எலிகளுக்குப் பின்னர் அதே புரதத்தை ஊசி வழிச் செலுத்தியபோது அனாபிலாக்சிஸ் ஏற்படவில்லை. மனிதக் குழந்தைகளுக்கு இவ்வுண்மையைப் பொருத்திப் பார்க்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

பிரித்தானியக் குழந்தைகளைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வொன்று, நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைக் கைக்குழந்தைகளின் கரப்பான் மீது பூசியதற்கும் நிலக்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள், தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுப் பழுது கரப்பானுக்கு வழிவகுப்பதைக் கண்டனர். இவற்றைக் கோத்து இலண்டன் மருத்துவர் கிதியோன் லாக் ஒரு கருதுகோளை 2008-இல் முன்வைத்தார். அதன்படி, வெடித்த தோல் வழியே நுழையும் உணவுத் துகள் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. குடல் வழியே வரும் அதே உணவு தாங்குதிறனை உண்டாக்குகிறது. எது முந்துகிறதோ அதுவே குழந்தையின் போக்கைத் தீர்மானிக்கும். வீட்டின் தூசியிலேயே நிலக்கடலைப் புரதம் கலந்திருக்கும் நாட்டில், குழந்தையின் வாய்க்கு மட்டும் அதை மறுப்பதன் விளைவை இதிலிருந்து உய்த்துணரலாம்.

தவிர்ப்பும் அறிமுகமும்

1998-இல் ஐக்கிய இராச்சிய அரசு, ஒவ்வாமை நோயுள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்கலாகாது என அறிவுறுத்தியது. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்குப் பாலை ஒரு வயது வரையும், முட்டையை இரண்டு வயது வரையும், கடலை, கொட்டைகள், மீன் ஆகியவற்றை மூன்று வயது வரையும் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தது. இவ்வறிவுரைகளுக்கு வலுவான சோதனைச் சான்று எதுவும் இருந்ததில்லை. ஒவ்வாமையோ குறையாமல் பெருகியது. அமெரிக்கக் கழகம் 2008-இல் தன் பரிந்துரையைக் கைவிட்டது. எனினும் எப்போது கொடுக்க வேண்டும் என்பதை அது அப்போது கூறவில்லை.

அதே ஆண்டில் லாக்கும் அவர்தம் குழுவினரும் ஐக்கிய இராச்சியத்திலும் இஸ்ரேலிலும் வாழும் யூதப் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். மரபு வழியில் நெருங்கிய இவ்விரு குழுவினருள் நிலக்கடலை ஒவ்வாமை பிரித்தானியாவில் 1.85 விழுக்காடாகவும் இஸ்ரேலில் 0.17 விழுக்காடாகவும் இருந்தது. இஸ்ரேலியக் குழந்தைகள் 'பம்பா' என்னும் நிலக்கடலைத் தின்பண்டத்தைப் பல் முளைக்கும் பருவத்திலிருந்தே உண்பவர்கள்.

இது காரணமா, தற்செயலா என்பதை அறிய 'லீப்' எனப்படும் ஆய்வு நடத்தப்பட்டது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ கொண்ட, நான்கு முதல் பதினொரு மாத வயதுடைய 640 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வாரத்திற்குக் குறைந்தது 6 கிராம் நிலக்கடலைப் புரதம் உண்டனர். மற்றவர் முற்றிலும் தவிர்த்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி, ஐந்து வயதில் தவிர்த்தோருள் 17.2 விழுக்காட்டினருக்கும் உண்டோருள் 3.2 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை இருந்தது. அதன்பின் ஓராண்டு உண்பதை நிறுத்திய பின்னரும் பயன் நீடித்தது. விரும்பியபடி உண்ண விட்ட நிலையில் ஏறத்தாழப் பதின்மூன்று வயதில் மீண்டும் சோதித்தபோது அவ்வெண்கள் முறையே 15.4, 4.4 விழுக்காடாக இருந்தன (2024). ஏற்கனவே தோல் சோதனையில் பெரிய தடிப்புக் காட்டிய குழந்தைகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது.

2017-இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வழிகாட்டுதல் மாற்றப்பட்டது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையுடன் நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் நிலக்கடலை அறிமுகம் செய்யப்படுகிறது. அது நீர்க்கக் கரைத்த மசியலாகவே கொடுக்கப்பட வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் இடருடையது. புதிய அறிவுரைக்குப் பின் அந்நாட்டில் மூன்று வயதிற்குட்பட்டோரிடையே நிலக்கடலை ஒவ்வாமை 40 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததாக 2025-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று.

நாடுகளிடையே வேறுபாடு

மெல்பேர்ணில் ஒரு வயதுக் குழந்தைகளுள் பத்தில் ஒருவருக்கு மேல் உணவு ஒவ்வாமை உறுதி செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையுடன் இந்தியாவில் கர்நாடக மாநிலப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அது 0.14 விழுக்காடே. ஆயினும் கர்நாடகத்தில் பலருடைய குருதியில் உணவுகளுக்கான ஐஜிஈ இருந்தது, எதிர்வினைதான் இல்லை. மரபு மட்டுமே இதற்குக் காரணமாகாது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆசியப் பெற்றோரின் குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை மிகுதியாகவும், ஆசியாவில் பிறந்து பின்னர் அங்குக் குடியேறிய பிள்ளைகளிடம் குறைவாகவும் உள்ளது. முதல் சில மாதங்களின் சூழல், நுண்ணுயிர்கள், உணவு ஆகியவை இதில் ஆராயப்பட்டு வருகின்றன.

கண்டறிதலும் மருத்துவமும்

தோல் குத்துச் சோதனையும் குருதி ஐஜிஈ அளவும் உணர்வூட்டத்தையே காட்டுகின்றன. ஒவ்வாமை உண்டா, நீங்கிற்றா என்பதை உறுதி செய்வது, மருத்துவமனையில் சிறுகச் சிறுக உணவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனையே. இதனை வீட்டில் முயல்வது தீங்கானது.

ஸ்கோஃபீல்டின் பழைய வழி ஒரு நூற்றாண்டிற்குப் பின் மீண்டது. அளவிட்ட நிலக்கடலைத் தூளை நாள்தோறும் உண்பிக்கும் முதல் மருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா 2020-இல் ஒப்புதல் அளித்தது. இது பெரும்பாலோருக்கு உணர்வைத் தணிக்கிறதேயன்றி ஒவ்வாமையை நீக்குவதில்லை. உண்பதை நிறுத்தினால் பலருக்குப் பழைய நிலை திரும்புகிறது. வயது இங்கும் பொருட்டாகிறது. ஒன்று முதல் மூன்று வயதிலிருந்த 146 குழந்தைகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வில், மருத்துவம் பெற்றோருள் 71 விழுக்காட்டினர் உணர்வு தணிந்தனர். ஆறு மாதம் நிறுத்திய பின்னரும் 21 விழுக்காட்டினர் தாங்கினர். அவர்களுள்ளும் இளையோரே மிகுதியாகப் பயனடைந்தனர். ஐஜிஈயைப் பற்றி நீக்கும் ஒமாலிசுமாப் ஊசி மருந்து 2024-இல் ஒரு வயதிற்கு மேற்பட்டோரின் உணவு ஒவ்வாமைக்கு ஏற்கப்பட்டது. தவறி உண்ணும் சிறு அளவிலிருந்து அது காக்கிறது. அதைப் பெறுவோரும் ஒவ்வா உணவைத் தவிர்க்கவும் அட்ரினலினை உடன் வைத்திருக்கவும் வேண்டும்.

வளர்ந்த பின் தோன்றுபவை

உணவு ஒவ்வாமை குழந்தைப் பருவத்துடன் முடிவதில்லை. இறால், நண்டு ஒவ்வாமை பெரும்பாலும் வளர்ந்தோரிடமே முதன்முதலாகத் தோன்றுகிறது. மகரந்த ஒவ்வாமை கொண்டோர், அம்மகரந்தப் புரதத்தை ஒத்த புரதமுள்ள ஆப்பிள் போன்ற பழங்களைப் பச்சையாக உண்ணும்போது வாய் அரிப்பு அடைகின்றனர். வேகவைத்த பழம் அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. சில வகை உண்ணிகள் கடித்த பின், அதுவரை தடையின்றி உண்டுவந்த மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உண்டாவதும் அறியப்பட்டுள்ளது. இங்கு ஒவ்வாமையூட்டுவது புரதமன்று, ஆல்ஃபா-கால் என்னும் ஒரு சர்க்கரை. அறிகுறிகளும் உண்ட சில மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் நள்ளிரவில், தோன்றுகின்றன.